தலையாட்டி ஓணானின் டிசி

முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிற ஜெகதீஸ்வரன், தன் நாற்பத்து நாலாவது வயதில், ஒரு மர ஓணானுக்காக மனு எழுதிக்கொண்டு பள்ளிக்கூட அலுவலகத்தில் நிற்பார் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், சொன்னவரை நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்திருப்பார். ஆனால் நின்றார். மாணவர் பெயர் என்ற இடத்தில் தங்கவேலு என்று எழுதினார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பெயரையே எழுதினார். அந்தப் பள்ளியில் இரண்டு வருடம் பெற்றோராக இருந்தவருக்கு வெட்கம் என்பது ஏறக்குறைய விட்டுப் போயிருக்கும்.

பள்ளியின் பெயர் சாதனைச்சிகரம் உறைவிட மேல்நிலைப் பள்ளி. நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போகிற வழியில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே நாலு மாடியாக எழும்பி நிற்கும். பதினோரு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்த பிள்ளையின் பெட்டி அன்று சாயங்காலமே வாசலுக்கு வந்துவிடும். பெற்றோரை வரவழைத்து, 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, டிசியைக் கையில் கொடுத்து, டீயும் கொடுத்து அனுப்புவார்கள். தோற்கிற பிள்ளையெல்லாம் முன்கூட்டியே போய்விட்டால் பரீட்சையில் தோற்க அப்புறம் யார் இருக்கிறார்கள்.

ஜெகதீஸ்வரனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மகளை ஏழாம் வகுப்பு முடிந்ததும் அங்கே கொண்டுபோய் விட்டார். "கண்டிப்பான பள்ளிக்கூடமுங்க, கேட்டுக்குள்ள போனா செல்போனு ஆகாது" என்று தீவனக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

மகள் நித்யஸ்ரீ இப்போது ஒன்பதாம் வகுப்பு. எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல். அவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் செல்போனில் 'பொம்மைப் போர்' ஆடுவாள். அந்த ஆட்டத்தில் தகர நண்டு, சாவி கொடுத்தால் நடக்கிற கரடி, பஞ்சு யானை என்று நூற்றுக்கணக்கான பொம்மைப் பிராணிகள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்திருக்கும். தேடிப் பிடித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வேறு ஊர்ப் பிள்ளைகளின் பொம்மைகளோடு சண்டைக்கு விட வேண்டும். பிடிப்பதைவிட அடிப்பது கஷ்டம், அடிப்பதைவிட விலகுவது கஷ்டம். கட்டைவிரல் இரண்டும் கண்ணோடு சேர்ந்து ஓட வேண்டும்.

ஆட்டத்தைத் திறந்ததும் எல்லாருக்கும் இலவசமாக ஒரு பொம்மை கிடைக்கும். மரத்தில் செய்த தலையாட்டி ஓணான். நூற்றுக்கு ஒன்பது பலம். நல்ல பொம்மை ஒன்று அகப்பட்டதும் எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நித்யஸ்ரீ போடவில்லை. அது தலையை ஆட்டுகிற ஆட்டத்துக்குள் ஒரு கணக்கு இருப்பதைக் கண்டுபிடித்தாள். எதிரி ஓங்கி அடிக்கிற நொடியில் தலை அந்தப் பக்கம் போய்விட்டால் அடி காற்றில்தான் விழும். மூன்று அடியை வீணடித்த கரடிக்குச் சாவி தீர்ந்துவிடும். அப்போது போய் ஒரு முட்டு. அந்த ஓணானுக்குத் தங்கவேலு என்று பெயர் வைத்து, இரண்டு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு சண்டை ஜெயித்திருந்தாள். அவள் அம்மா கோகிலவாணி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "இன்னைக்குத் தங்கவேலு எத்தன பேர மண்ணக் கவ்வ வெச்சான்" என்று கேட்கிற அளவுக்கு அவன் அந்த வீட்டு ஆளாகிவிட்டான்.

சனி பிடித்தது ஆடி மாதத்தில். ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, பள்ளிகளுக்கிடையே மாநில அளவில் பொம்மைப் போர்ப் போட்டி நடத்தப்போவதாகவும், முதலிடம் பெறுகிறவருக்குத் தங்கள் கல்லூரியில் இலவச இடம் என்றும் அறிவித்தது. இடம் என்ற சொல் காதில் விழுந்ததும் சாதனைச்சிகரம் விழித்துக்கொண்டது. அந்த ஞாயிறே பெற்றோர் கூட்டம்.

தாளாளர் கல்விச்செம்மல் அர்த்தநாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். "போன மாசம் வரைக்கும் இந்தப் பொம்ம வெளையாட்டு மாணவர்களக் கெடுக்குதுன்னு இதே மேடையில சொன்னேனுங்க. அப்ப அது வெளையாட்டா இருந்துச்சு. இப்ப அது பாடமாயிருச்சுங்க. பாடம்னு வந்துட்டா நம்மள ஜெயிக்க ஆளு கெடையாது. எங்ககிட்ட வர்ற புள்ளைக்குப் பாடத்து மேல ஆசை இருக்கோணும்னு நாங்க எதிர்பாக்கறதில்லைங்க. ஆசை இருந்தாக்கூட மூனு மாசத்துல போக்கிருவோம். மார்க் மட்டும் நிக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெகதீஸ்வரனும் தட்டினார். பிறகு வரிசையில் நின்று, எட்டுப் பக்கப் படிவத்தில், பிள்ளையின் ஆட்டக் கணக்கையும் கடவுச்சொல்லையும் அதிலுள்ள பொம்மைகளையும் பள்ளியின் பொறுப்பில் ஒப்படைப்பதாகப் பதினாறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. பள்ளி நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்க்கிற பெற்றோரை அந்த ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பிள்ளைகளைப் பார்க்கிற நாள். தூக்குப்போசியில் கோழிக்குழம்போடு போன ஜெகதீஸ்வரனும் கோகிலவாணியும் வேப்பமரத்தடியில் காத்திருந்தபோது பொம்மைப் போர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள், நாற்பது மேசைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு காலித் தீப்பெட்டி.

பொம்மைப் போர் ஆசிரியர் நிலவன் வெளியே வந்து விளக்கினார். போன மாதம் வரை அவர் வேதியியல் ஆசிரியர். "செல்போன் குடுத்தா கவனம் செதறுமுங்க. அதனால தீப்பெட்டி. மணி அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல வலது கட்டவெரல அமுக்கோணும். ரெண்டு மணி அடிச்சா இடது. ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவ."

"அப்ப கேமு எப்பங்க ஆடுவாங்க" என்று கேட்டார் ஜெகதீஸ்வரன்.

நிலவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆடுனா படிப்பு கெட்டுப் போயிருமுங்களே."

கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். 'பொம்மைப் போர்: வெற்றி வினா விடை, முதல் தொகுதி', அறுநூற்று நாற்பது பக்கம். சாவிக்கரடி இடப்பக்கம் பாயும்போது வீரர் செய்ய வேண்டியது யாது என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. தகர நண்டின் கொடுக்கு வீச்சைப் படம் வரைந்து பாகங்களைக் குறி என்பது ஐந்து மதிப்பெண். பொம்மைப் போரில் ஏற்படும் மகிழ்ச்சியைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக என்பது பத்து மதிப்பெண், கட்டாய வினா. மகிழ்ச்சிக்கான விடையை எல்லாப் பிள்ளைகளும் ஒரு கமா பிசகாமல் ஒப்பித்தார்கள்.

சாப்பிட வந்த நித்யஸ்ரீ சோற்றில் கை வைக்கவில்லை.

"எல்லாப் பொம்மைக்கும் பலம் பாத்து மார்க் போட்டுட்டாங்கப்பா. முப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கறதெல்லாம் ஆகாதாம். பள்ளிக்கூடத்தோட சராசரி கொறையுதாம். நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டியிருக்காங்க."

"நம்ம தங்கவேலு எவ்வளவு சாமி?"

"ஒம்பது. லிஸ்ட்ல மொதப் பேரே அவன்தான்." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அவன நீக்கீட்டா மறுபடியும் வரமாட்டாம்ப்பா. புதுசா ஒரு ஓணான் வரும், ஆனா அது தங்கவேலு இல்ல. நான் கேட்டுப் பாத்தேன். முட்டிக்கால் போட வெச்சுட்டாங்க."

தொண்ணூற்றெட்டு மார்க்குக்கும் அழாமல், தொண்ணூற்றொன்றுக்கும் அழாமல் இருந்த பெண் அன்று அழுதாள். ஜெகதீஸ்வரன் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். "நான் எதுக்கு இருக்கறேன்? தங்கவேல நான் கூட்டியாரேன். நீ சோத்தத் தின்னு சாமி" என்றார்.

அன்றே தாளாளரைப் பார்க்கப் போனார். அறையில் கேடயங்களுக்கு நடுவே அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். ஜெகதீஸ்வரன் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். ஓணான் சின்னதுதான், இருநூற்றுப் பதினேழு சண்டை ஜெயித்திருக்கிறது, குழந்தை அதன்மேல் உயிராக இருக்கிறாள் என்றார்.

"ஜெயிச்சது கணக்கில்லீங்க. மார்க்தான் கணக்கு" என்றார் தாளாளர். பிறகு அன்பாகவே கேட்டார். "நீங்க பண்ணக்காரரு. முட்ட வெக்காத கோழிய என்னங்க பண்ணுவீங்க?"

வாரா வாரம் புதன்கிழமை, முட்டை குறைந்த கோழிகளைப் பிரித்துக் கறிக்கு ஏற்றி அனுப்புகிறவர் ஜெகதீஸ்வரன்தான். அவற்றில் ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்தால் அனுப்ப முடியாது என்பது முதல் தடவையாக அவருக்கு உறைத்தது.

"ஆமாங்க. ஆனா இது பள்ளிக்கூடமுங்களே" என்றார் மெல்ல.

"அதத்தானுங்க நானும் சொல்றேன். உங்க பண்ணையில கூட நூத்துக்குத் தொண்ணூறுதான் முட்ட வரும். இங்க நூத்துக்கு நூறு." தாளாளர் மணியை அடித்தார். "உங்களுக்கு ஓணான் வேணும். எங்களுக்கு வேண்டாம். சண்ட எதுக்குங்க? ஒரு மனு குடுங்க. டிசி போட்டுக் குடுத்தர்றோம். முறையா கூட்டிக்கிட்டுப் போங்க."

ஜெகதீஸ்வரனுக்கு மார்பிலிருந்து பாரம் இறங்கியது. டிசி வாங்கினால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். இதுவரை அந்தப் பள்ளியிலிருந்து டிசியோடு போன பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குத்தானே போனார்கள். அலுவலகப் பெண் ரஞ்சனி நீட்டிய தாளில், அவள் சொல்லச் சொல்ல, 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் தங்கவேலுவைப் பள்ளியிலிருந்து விடுவிக்குமாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீ கொடுத்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு டிசி தயாராக இருந்தது. முத்திரை, சேர்க்கை எண், மார்பளவுப் படம் எல்லாம் இருந்தன. அங்க அடையாளம்: தலை நிற்பதில்லை. நடத்தை: நன்று. வெளியேறும் காரணம்: பெற்றோர் வேண்டுகோள்.

"ஓணான் எங்கம்மா?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரன், பையைத் திறந்து வைத்துக்கொண்டு.

"விடுவிச்சாச்சுங்க சார்" என்றாள் ரஞ்சனி. "காலைல ஒம்பதே காலுக்கு கம்ப்யூட்டர்ல விடுவின்னு ஒரு பட்டன் இருக்குதுங்க, அத அமுக்கியாச்சு. பைய விட்டு நீக்கினா அதோட அழிஞ்சிருமுங்க. உங்க லெட்டர் இருக்கறதால எங்களுக்குப் பிரச்சன இல்லைங்க."

கோழிக்குக் கொடுக்கிற மருந்துச் சீட்டைக்கூட இரண்டு தடவை படித்துப் பார்க்கிற மனுஷன், தன் கையாலேயே எழுதிக்கொடுத்து அவனை முடித்துவைத்திருந்தார். அடுத்த இரண்டாம் ஞாயிறு நித்யஸ்ரீயிடம் அவர் அதைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. டிசியை வாங்கிப் படித்தாள். "நடத்தை நன்றுன்னாச்சும் போட்டிருக்காங்களே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

போட்டி தை மாதத்தில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சாதனைச்சிகரத்து நாற்பது பேரும் ஒரே மாதிரி எண்ணெய் வைத்துச் சீவி, வரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் தொண்ணூற்றாறு பலமுள்ள சாவிக்கரடியைப் பள்ளி ஏற்றியிருந்தது. சராசரிப் பலப் பட்டியலில் பள்ளிக்குத்தான் முதலிடம். முன்வரிசையில் தாளாளர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. குமாரபாளையத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும் ஆட ஆரம்பித்தார்கள். சாதனைச்சிகரத்துப் பிள்ளைகள் பொம்மைப் போர் பாடமான பிறகு முதன்முறையாகக் கைக்கு வந்த செல்போனைக் கீழே வைத்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றி, வினாத்தாளுக்காகக் காத்திருந்தார்கள். திரையில் தகர நண்டு வந்து கரடியை அடித்தது. ஒரு பையன் எழுந்து, "சார், இது எத்தனாவது கேள்விங்க?" என்று கேட்டான். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு விடையை முழுதாக ஒப்பித்தாள், தப்பே இல்லாமல். அவள் ஒப்பித்து முடிப்பதற்குள் அவளுடைய கரடி மல்லாந்து கிடந்தது. நிலவன் சுவரோரமாக நின்று, "நண்டு வலப்பக்கம் வருதே, அது ரெண்டாம் தொகுதியாச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடத்தில் முப்பத்தொன்பது பேர் முடிந்தார்கள்.

நாற்பதாவது ஆள் நித்யஸ்ரீ. அவள் கரடியைத் தொடவில்லை. ஆட்டம் எல்லாருக்கும் இலவசமாகத் தருகிற புது ஓணானை எடுத்தாள். ஜெகதீஸ்வரன் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்தப் புதிய ஓணான் தலையை ஆட்டியது, நண்டு காற்றை அடித்தது. மறுபடி ஆட்டியது, மறுபடி காற்றை அடித்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் அவள் பதினாலு பேரைத் தோற்கடித்து மாநிலத்தில் முதலாவதாக வந்தாள்.

ஒலிபெருக்கியை நீட்டி ஓணானின் பெயரைக் கேட்டார்கள். "இதுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தவன் பேரு தங்கவேலு. அவனுக்கு எங்க பள்ளிக்கூடத்துல டிசி குடுத்துட்டாங்க" என்றாள். மண்டபம் சிரித்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் தாளாளர்தான்.

முதலிடத்துக்குப் பரிசாகப் பள்ளி அவளுக்கு இரண்டு நாள் வீட்டு விடுப்பு வழங்கியது. அந்த இரண்டு நாளுக்குள் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரை ஃபிளக்ஸ் ஏறிவிட்டது. தங்கவேலு, சாதனைச்சிகரத்தின் தவப்புதல்வன், மாநில முதலிடம். டிசியில் இருந்த அதே மார்பளவுப் படம். அதற்குக் கழுத்தே இல்லாத இடத்தில் பள்ளியின் டை கட்டியிருந்தார்கள். நித்யஸ்ரீயின் படம் கீழே, தபால்தலை அளவில்.

இரண்டாம் நாள் தாளாளரின் வெள்ளைக் கார் பண்ணைக்கே வந்தது. கூடவே நிலவன், கையில் பழத்தட்டும் ஒரு சால்வையும். அர்த்தநாரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒன்னுமில்லீங்க. அந்த டிசியத் திருப்பிக் குடுத்தீங்கன்னா தங்கவேல பழையபடி ரெஜிஸ்டர்ல ஏத்திக்கலாம். அட்மிஷன் நேரம். நம்ம மாணவர் இல்லேன்னு எவனாச்சும் கேஸு கீஸு போட்டான்னா சங்கடம்."

ஜெகதீஸ்வரன் உள்ளே போய் பீரோவிலிருந்து டிசியை எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. "இதத் தர்றதுல எனக்கு ஒன்னுமில்லீங்க. தங்கவேல இங்க கொண்டாந்து விடுங்க. இந்தக் கையில வாங்கிக்கிட்டு இந்தக் கையில குடுத்தர்றேன்."

தாளாளர் நிலவனைப் பார்த்தார். நிலவன் கோழிகளைப் பார்த்தார்.

"அது அழிஞ்சு போச்சுங்களே" என்றார் தாளாளர்.

"அப்ப ஃபிளக்ஸ்ல இருக்கறது ஆருங்க?"

"அது எங்க மாணவருங்க" என்றார் தாளாளர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

ஜெகதீஸ்வரனுக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருடமாக அந்த வாசலில் கைகட்டி நின்றதற்கெல்லாம் சேர்த்து ஏறியது. "சரிங்க. இத நீங்களே வெச்சுக்கங்க. எம்புள்ளயோட டிசியக் குடுத்துருங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

அர்த்தநாரி உண்மையாகவே திடுக்கிட்டார். "என்னங்க பேசறீங்க? எல்லாப் பாடத்துலயும் தொண்ணூறு வாங்கற புள்ளைக்கு எவனாச்சும் டிசி குடுப்பானா? பள்ளி ஆரம்பிச்ச நாள்ல இருந்து நல்லாப் படிக்கற ஒரு புள்ளைக்குக் கூட நாங்க டிசி குடுத்ததில்லீங்க. கோர்ட்டுக்கே போனாலும் பத்தாவது முடியற வரைக்கும் இழுத்தடிப்போம். எங்க வழக்கமே அதானுங்க. முப்பத்தஞ்சுக்குக் கீழ வாங்குனா சொல்லுங்க, அன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து விட்டர்றோம்."

டிசியை ஜெகதீஸ்வரன் கையிலிருந்து தாமே உருவி எடுத்துக்கொண்டு, சால்வையைக் கட்டிலில் வைத்துவிட்டு, தாளாளர் காரில் ஏறினார். பழத்தட்டை நிலவன் மறந்தாற்போல விட்டுவிட்டுப் போனார்.

கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நித்யஸ்ரீ வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முழுப் பரீட்சை ஏப்ரல்லதானுங்கப்பா?"

"ஆமா சாமி."

"நான் முப்பத்தி நாலு வாங்கறேன்."

ஜெகதீஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டைவிரல் இரண்டையும் மெதுவாக நீவிக்கொண்டிருந்தாள்.

"எதுல?"

"அஞ்சுலயும். ஒரு மார்க் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கொறஞ்சா எனக்கு ஒன்னும் தெரியலேன்னு சொல்லீருவாங்க."

உள்ளேயிருந்து கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். முன்பொரு முறை தொண்ணூற்றொரு மார்க் வாங்கியதற்கு மகளைச் சாப்பிட விடாமல் இரண்டு மணி நேரம் பேசியிருந்த மனுஷன் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள். ஜெகதீஸ்வரன் நிலவன் விட்டுப்போன தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்து, மகளின் கையில் வைத்தார்.

"அப்ப நல்லாப் படிக்கோணும் சாமி" என்றார்.